நாற்பது பாட் பாக்கி

எட்டு லட்சம் பாட்
என் பெயரில் தூங்குகிறது வங்கியில்.
விசா முத்திரை விழுந்து மூன்று மாதம்வரை
அதை எழுப்பக் கூடாது.
எழுப்பினால்
இந்த நாட்டில் வாழ வக்கற்றவன்.
எழுப்பாவிட்டால்
இன்றைக்கு நூடுல்ஸுக்கு வக்கற்றவன்.

ஸான்டாம் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலத்தை
முப்பத்தொரு வருடம் தூக்கி இறக்கியவன் நான்.
படகு வந்தால்
தூண்டில்கோலில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுவேன்.
காசு விழும்.
சில சமயம் பொத்தான்.
ஒரு தடவை ஒரு பல்.
செருப்பில் விழுந்ததை எண்ணி எழுதி ஒப்பமிட்டால்
அன்றைய பொழுது சரி.
பணம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நோங்காயில் மீகாங்மேல் நிற்கும் பாலம்
யாருக்காகவும் திறப்பதில்லை.
நானும் இங்கே எதையும் திறப்பதில்லை,
ஃபோனைத் தவிர.
பல் துலக்குமுன் யூரோ விலை பார்ப்பேன்.
முப்பத்தொன்பது என்றால் சீஸ்.
முப்பத்தாறு என்றால் முட்டை.
அதற்கும் கீழே போன ஒரு வாரம்
சலவைக்காரி தராசில் வைக்குமுன்
சட்டைகளை நன்றாக உதறிக் கொடுத்தேன்,
தூசிக்கும் எடை உண்டு.

வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து கடிதம் வரும்:
உயிரோடு இருக்கிறீர்களா? சான்று அனுப்பவும்.
நகராட்சியில் ஒருவர் எழுந்து நின்று
என்னை மேலும் கீழும் பார்ப்பார்.
மின்விசிறிக்கு நேராக நிற்கச் சொல்வார்,
தலைமுடி அசைகிறதா என்று பார்க்கவோ என்னவோ.
பிறகு முத்திரை.
இந்த வருடம் அவர் புது ஆள்.
தேதியைத் தங்கள் வழக்கப்படி போட்டுவிட்டார்:
இரண்டாயிரத்து ஐநூற்று அறுபத்தேழு.

ஆறு வாரம் கழித்துப் பதில்.
தேதி பொருந்தவில்லை. ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது.
நியாயம்தான்.
அந்தக் கணக்கில் எனக்கு வயது அறுநூற்றுப் பதினாறு.
எந்த அரசாங்கம் தாங்கும்?

தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன்.
பிறகு ஒரு பெண், மிகவும் கனிவாக:
"பேசுவது நீங்கள்தானா?"
"நான்தான்."
"அதற்கு ஏதாவது ஆதாரம்?"

மாடி வீட்டு டெட்லெஃப்பிடம் கடன் கேட்டேன்.
ஒரு செயலியைப் பரிந்துரைத்தான்.

பிக்குனிடம் நான் கேட்கவில்லை.
மகிழம்பூ என்று பொருளாம் அந்தப் பெயருக்கு,
ஆனால் அவளிடம் வீசுவது
பொரித்த பூண்டும் மீன்சாறும்தான்.
மூன்றாம் நாளும் நான் கடையைத் தாண்டிப் போனபோது
கரண்டியால் சட்டியைத் தட்டினாள்.
உட்கார்ந்தேன்.
ஒரு பள்ளிக்கூட நோட்டில்
தலைப்பாக ஏதோ எழுதிக் கீழே கோடு போட்டாள்.
அவள் மகனைக் கேட்டேன்.
"பாலத்துக்காரர்" என்று எழுதியிருக்கிறதாம்.

பதினோரு வாரம்.
ஒவ்வொரு நாளும் ஒரு தேதி, ஒரு கிண்ணம்.
காய்ச்சல் வந்த இரண்டு நாள் மட்டும் வெற்று.
மூன்றாம் நாள் கஞ்சி என்று இருக்கிறது,
அதற்கு விலை இல்லை.
அந்தப் பக்கங்களைப் படமெடுத்து
ஸான்டாம் ஆட்களுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.
இவ்வளவு விவரமாக
நான் உயிரோடிருந்ததை
வேறு யாரும் எழுதி வைத்ததில்லை.

பணம் வந்தது, பிடித்தம் போக.
அன்றைக்கு யூரோ முப்பத்தேழரை.
எண்ணி வைத்தேன்.
அவளும் எச்சில் தொட்டு எண்ணினாள்.
வரிசையாக அடித்துக்கொண்டே வந்தவள்
கடைசிக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டாள்.
நாற்பது பாட்டை என் பக்கம் தள்ளினாள்.
"இது?"
"நாளைக்கு" என்றாள்.

மறுநாளும் நாளைக்கு என்றாள்.
நானும் இப்போது வற்புறுத்துவதில்லை.
எழுபத்துமூன்று வயதில்
கணக்கு முடிந்தது என்று
யார் வாயாலும் கேட்க எனக்கு அவசரமில்லை.